எதை நேசிப்பது, எவ்வளவு நேசிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. கிறிஸ்தவர்கள் எதை நேசிக்க வேண்டும், எதை எந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மனசு தவறான பக்கம் சாய்ந்துவிட்டால் அதைத் திருப்ப முடியுமா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் போய் வளர்ந்தவன். ஆனால் பைபிளைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே கண் சொருகுகிறது. அதே படுக்கையில் போனை எடுத்தால் ரீல்ஸ் பார்த்து ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிடுகிறது. ஆண்டவரை நேசிக்கிறேன் என்று பாடுகிறேன், மனசு நேசிப்பது போனைத்தான். நேசம் தானாக வர வேண்டியதுதானே, வலிந்து வரவழைத்தால் நடிப்பு ஆகாதா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, போன்மேல் உங்களுக்கு இருக்கிற ஆசை மட்டும் தானாக வந்ததா? விளக்கை அணைத்த பிறகு, உடம்பு களைத்து, மனசுக்குக் காவல் இல்லாத நேரத்தில், மாதக்கணக்காக ஒவ்வொரு ராத்திரியும் அதற்கு நேரம் கொடுத்தீர்கள், அது வளர்ந்துவிட்டது. பைபிளுக்கோ தூக்கம் வருகிற நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம். எதற்குத் தீனி போட்டீர்களோ அது கொழுத்திருக்கிறது, இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆதிச் சபையின் பெரிய போதகரான அகஸ்டின் தன் வாழ்க்கையை ஆண்டவரிடமே சொல்வதுபோல எழுதிய நூலில் அலிப்பியஸ் என்ற நண்பரைப் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. அலிப்பியஸ் சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போயிருந்தார். மனிதர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்க்கும் அரங்க விளையாட்டு அங்கே பிரபலம், அலிப்பியஸுக்கு அது அருவருப்பு. கூடப் படித்தவர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப்போனார்கள். உடம்பைத்தான் இழுத்துப்போகிறீர்கள், மனசை அல்ல என்று சொல்லிவிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதை மூடவில்லை. யாரோ ஒரு வீரன் விழுந்தான், கூட்டம் பேரிரைச்சல் போட்டது, என்னதான் நடந்தது என்று பார்த்துவிடுவோம், பார்த்துவிட்டு வெறுத்துக்கொள்வோம் என்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். கண்ணை எடுக்க முடியவில்லை, கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார், மறுபடியும் போனார், அப்புறம் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகிற ஆளாகிவிட்டார். நாலாம் நூற்றாண்டில் நடந்தது இது. விரல் ஒருமுறை மேலே தள்ளியதும் அடுத்தது தானாக ஓடுகிற இந்தக் காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்றால், மனித மனசு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

ஆனால் இதே வழியில் நல்லதும் உள்ளே வரும், அதைத்தான் நாம் மறந்துபோகிறோம். "உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்று ஆண்டவர் சொன்னார். மனசு எங்கே இருக்கிறதோ அங்கே பணத்தையும் நேரத்தையும் வைப்போம் என்றுதான் நாம் நினைக்கிறோம், அவர் அதைத் திருப்பிச் சொல்கிறார்: முதலில் பொக்கிஷத்தைக் கொண்டுபோய் வை, இருதயம் பின்னாலேயே வந்து சேரும். வெளிப்படுத்தல் புத்தகத்தில் வருகிற எபேசு ஊர்ச் சபை தன் ஆதி அன்பை விட்டுவிட்டபோதும், அந்தப் பழைய உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அவர்களுக்குக் கட்டளை வரவில்லை. நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றுதான் வந்தது. கை முதலில் போகட்டும் என்று அர்த்தம். இது நடிப்பு ஆகாது. மற்றவர் பார்க்க வேண்டும் என்று செய்தால் நடிப்பு. ஆண்டவரே, எனக்கு ஆசை வரவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்தால் அதைவிட நேர்மையான ஜெபம் எது?

செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். போன் ராத்திரி ஹாலில் சார்ஜ் ஆகட்டும், காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பைபிளைப் படுக்கையில் திறக்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம், ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதையும் படித்துவிடலாம். சின்ன விஷயங்களில் கண்ணை வையுங்கள். ஐயாயிரம் பேரை உட்காரச் சொன்னது பசும்புல்லின்மேல் என்று மாற்கு எழுதுகிறார், புயலில் ஆண்டவர் தூங்கியது தலையணை வைத்துக்கொண்டு என்று எழுதுகிறார். அந்தப் புல்லும் தலையணையும் கண்ணில் பட ஆரம்பித்தால், அந்த மனிதரும் கண்ணில் பட ஆரம்பிப்பார். ஒருவரைக் கவனித்துப் பார்க்காமல் யாருக்கும் அவர்மேல் நேசம் வந்ததில்லை.

இரண்டு வாரத்தில் ரீல்ஸ் ஆசை போய்விடாது. போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: "மகனையாவது மகளையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்ற வசனம் வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரே மகள். உண்மையைச் சொன்னால் ஆண்டவரைவிட அவள்மேல்தான் பாசம் அதிகம் என்று தோன்றுகிறது. பிளஸ் டூ படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீட் கோச்சிங், ஒரு வருஷம் ஆலயம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அதிலிருந்து மனசு உறுத்துகிறது. – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, முதலில் பயத்தைப் பார்ப்போம். மகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, ஆண்டவரை நினைத்தால் அப்படி நிறையவில்லை, அதனால் நான் அவருக்குத் தகுதியானவள் அல்ல என்று அளக்கிறீர்கள். பெற்ற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கலாம், மடியில் படுக்க வைக்கலாம், அந்தப் பாசத்தின் சூடு வேறு. அந்தச் சூட்டை வைத்து ஆண்டவர் யாரையும் அளப்பதில்லை. இரண்டும் எதிரெதிராக நிற்கிற நாளில் யார் சொல் கேட்கப்படும் என்பதுதான் கேள்வி.

சாமுவேல் முதலாம் புத்தகத்தில் இரண்டு பெற்றோர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒரே அதிகாரத்தில். அன்னாள் தவம் கிடந்து பெற்ற பிள்ளையைப் பால் மறக்கப்பண்ணியதும் சீலோவுக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தாள். அத்தோடு அவள் பாசம் முடிந்துபோனதா? வருஷந்தோறும் பலி செலுத்த வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள் என்று எழுதியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான், கை நீளம் எவ்வளவு இருக்கும் என்று மனசாலேயே அளவெடுத்து அவள் தைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டை ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாசம். இன்னொரு பக்கம் சீலோவில் ஆசாரியராக இருந்த ஏலி. அவருடைய மகன்கள் ஜனங்கள் கொண்டுவரும் பலியிலேயே கை வைத்தார்கள், அவர் வாயால் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டார், பதவியிலிருந்து இறக்கவில்லை. உன் குமாரரை என்னைவிட மேலாக ஏன் மதிக்கிறாய் என்று கர்த்தர் அவரிடம் கேட்டார். பிள்ளையைக் கர்த்தருக்குக் கீழே வைத்த அன்னாளின் மகன் தீர்க்கதரிசியானான், பிள்ளைகளைக் கர்த்தருக்கு மேலே வைத்த ஏலியின் மகன்கள் இருவரும் ஒரே நாளில் செத்தார்கள். கர்த்தரை முதலில் நேசித்தவள்தான் பிள்ளையையும் நன்றாக நேசித்தாள் என்பதை நான் இதில் பார்க்கிறேன். நற்குணம் என்றால் என்ன என்பதற்குச் சுருக்கமான விளக்கம் நேசத்தின் ஒழுங்கு என்று அகஸ்டின் எழுதினார். நேசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை அவர், வரிசைப்படுத்தச் சொன்னார்.

இப்போது நீட். மருத்துவம் படிக்க ஆசைப்படுவது நல்ல ஆசை, அதற்காக உழைப்பதும் நல்லது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் உங்கள் மகள் உயிரியலோடு சேர்த்து இன்னொரு பாடமும் படிக்கிறாள்: நெருக்கடி வந்தால் அம்மா அப்பா முதலில் விடுவது ஆண்டவரைத்தான். எந்தப் பிரசங்கத்தையும்விட ஆழமாக இது பதியும், நாளைக்கு வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று ஒவ்வொரு நெருக்கடியிலும் அவளும் அதையே செய்வாள். காலை ஆறு மணி ஆராதனை உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனையோ ஆலயங்களில் இருக்கிறது, மாலை ஆராதனையும் இருக்கிறது. கோச்சிங் சென்டரில் நேரத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள், முடியாது என்றால் உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் அனுப்பாமல் மூன்று பேருமாகப் போங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டு கேட்பதும் கிரிக்கெட் பார்ப்பதும் உலக ஆசையா? எங்கள் சபையில் ஆமாம் என்கிறார்கள். – ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: "உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்" என்று எழுதிய யோவான் அடுத்த வசனத்திலேயே அது எது என்றும் சொல்லிவிடுகிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. நல்ல மெட்டும் நேர்த்தியான கவர் டிரைவும் அந்தப் பட்டியலில் இல்லை. தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொண்டால் ஒன்றும் தள்ளத்தக்கதல்ல என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை வைத்தே பாருங்கள். இந்தப் பாட்டுக்காக, இந்த ஆட்டத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வாய் வருகிறதா? வந்தால் கேளுங்கள், பாருங்கள். சில பாட்டுகளுக்கு வராது, பெண்ணைப் பண்டமாக்குகிற வரிகளுக்கு நன்றி சொல்ல நாக்கு எழாது, அதை நிறுத்திவிடுங்கள். ஆட்டத்தின்மேல் பணம் கட்டுகிற ஆப்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

கேள்வி: சகோதரிக்கு ஸ்தோத்திரம். பல ஆலயங்கள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் கமிட்டியில் பல வருஷம் இருந்தவன் நான். ஆலயக் கோபுர வேலைக்கு ஓடி ஓடி வசூல் செய்தேன். போன தேர்தலில் எதிர் அணி ஜெயித்தது. அதற்கப்புறம் ஆராதனையில் உட்கார முடியவில்லை, அவர்கள் காணிக்கைத் தட்டு எடுப்பதைப் பார்த்தாலே எரிகிறது. சபைமேல் உள்ள அன்பினால்தான் இந்த வேதனை என்று நினைக்கிறேன். – ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, நீங்கள் வயதில் மூத்தவர், வருத்தப்படாமல் கேளுங்கள். சபைமேல் உள்ள அன்பு என்றால், கோபுர வேலை யார் கையில் முடிந்தாலும் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கும். எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இவ்வளவு நாளும் சபையோடு இன்னொன்றையும் சேர்த்து நேசித்திருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றாகவே நடந்ததால் பிரித்துப் பார்க்க வாய்ப்பு வரவில்லை. தேர்தல் தோல்வி அதைப் பிரித்துக் காட்டிவிட்டது. அந்த விதத்தில் இது உங்களுக்குக் கிடைத்த இரக்கம் என்றே சொல்வேன்.

யோவானின் மூன்றாம் நிருபம் ஒரே ஒரு அதிகாரம்தான். அதில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார், முதன்மையாயிருக்க விரும்புகிறவர் என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம். தப்பான உபதேசம் போதித்தார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை, காசைத் தொட்டார் என்றும் இல்லை. முதல் இடத்தை நேசித்தார், அதனால் வந்த சகோதரர்களை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்கு வெளியே தள்ளினார். பரிசேயரைப் பார்த்தும் ஆண்டவர் இதையேதான் சொன்னார்: ஜெபஆலயத்தில் முதன்மையான ஆசனம், சந்தைவெளியில் வணக்கம், இவற்றை நேசிக்கிறீர்கள். பிஷப்பின் கீழ் இருக்கிற நம் திருமண்டலங்களில் தேர்தல் வந்தால் ஆலய வளாகத்துக்குள் போலீஸ் நிற்கிற நிலைமையையும், அப்புறம் சகோதரனும் சகோதரனும் வருஷக்கணக்காகக் கோர்ட்டில் நிற்கிற நிலைமையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இந்த ஒரு ஆசையிலிருந்து முளைத்ததுதான்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குக் காய் நறுக்குகிற இடத்திலோ, பந்தி முடிந்ததும் அண்டா கழுவுகிற இடத்திலோ இந்த வருஷம் நில்லுங்கள். அந்த எதிர் அணிப் பொருளாளர் பக்கத்தில் வந்து நின்றால் நகர்ந்து போகாதீர்கள். அவர் பெயரைச் சொல்லி, அவருடைய பிள்ளைகள் பெயரைச் சொல்லி, தினமும் காலையில் ஜெபம் பண்ணுங்கள். முதலில் தொண்டையிலேயே நிற்கும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் எங்கள் சபைப் பெண்ணையே விரும்புகிறான். நல்ல பெண், கொயரில் பாடுகிறாள், ஜெபிக்கிற குடும்பம். ஆனால் அவர்கள் வேறு சாதி, எங்கள் சொந்தக்காரர்கள் கீழாக நினைக்கிற சாதி. என் கணவர் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார். உறவை விட்டுவிட முடியுமா? குடும்பத்தை நேசிப்பதும் கட்டளைதானே? – ஒரு வாசகி, மதுரை

பதில்: குடும்பத்தை நேசிப்பது கட்டளை. சாதியை நேசிப்பது கட்டளை இல்லை, பாவம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர், அதைப் பிரிப்பதுதான் இப்போது உங்கள்முன் இருக்கிற வேலை.

உங்கள் வீட்டில் நடப்பது பைபிளிலேயே நடந்திருக்கிறது. மோசே எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணைக் கட்டினார் என்று அவருடைய சொந்த அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் விரோதமாகப் பேசினார்கள். கர்த்தர் மோசேயையோ அந்தப் பெண்ணையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோபம் பேசின இருவர்மேலும் மூண்டது, மிரியாம் குஷ்டரோகியாகி ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகினார். யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார், அவ்வளவே. பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கண்டித்தார், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயம் ஒரு அப்போஸ்தலனையே சறுக்கவைத்தது என்றால் அது எவ்வளவு பலமானது என்று பாருங்கள்.

நம் தமிழ்ச் சபைகளின் வரலாறு இதில் தலைகுனிய வைப்பது. ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்காமல் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஆண்டவரா சாதியா என்று நேருக்கு நேர் கேட்டபோது அவர்கள் காலால் பதில் சொன்னார்கள். அதற்கப்புறம் இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் கல்யாண விளம்பரத்தில் சபைப் பெயரோடு சாதிப் பெயரையும் ஒட்டித்தான் போடுகிறோம், கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. மரித்தோர் எழுந்திருக்கும் நாளில் அந்தச் சுவருக்கு யார் பதில் சொல்வார்கள்?

உங்கள் கணவரிடம் சண்டை போடாதீர்கள். அந்தப் பெண்ணின் வீட்டாரை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், நீங்களே சமைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், இது முக்கியம், அவர்களை அழைப்பதைவிட முக்கியம். கணவர் வராவிட்டால் நீங்களும் மகனும் போங்கள். மத்தேயு முதல் அதிகாரத்து இயேசுவின் வம்சவரலாற்றில் வேற்று இனத்தாளான மோவாபியப் பெண் ரூத்தின் பெயர் இருக்கிறதே, அதை ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள், விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அப்படியும் அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் நீங்கள் போய் முன்வரிசையில் நில்லுங்கள். அவர் திரும்பி வரக் கதவைத் திறந்தே வையுங்கள். அவர் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருஷம் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, நீ அவரை விக்கிரகம்போல் வைத்திருந்தாய், அதனால்தான் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சொன்னார்கள். அந்த வார்த்தை உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கிறது. நான் அவரை அதிகமாக நேசித்ததுதான் தப்பா? – ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை தங்கச்சி. இல்லவே இல்லை. அந்த வார்த்தை ஆண்டவரிடமிருந்து வந்தது அல்ல, அதைத் தூக்கி வெளியே போடுங்கள்.

யோபின் நண்பர்களும் இப்படித்தான் பேசினார்கள், உன்னிடம் ஏதோ தப்பு இருந்ததால்தான் உனக்கு இந்தக் கஷ்டம் வந்தது என்று. கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். மனைவி புருஷனை நேசிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அவனைக் கொல்லுகிற கடவுள் பைபிளில் இல்லை. பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்கு வந்தபோது அவனை எழுப்பப்போகிறார் என்று இயேசுவுக்குத் தெரியும், இருந்தும் நின்று அழுதார். பார்த்தவர்கள், "இதோ, இவர் அவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்" என்றார்கள். உங்கள் கண்ணீரைக் குற்றமாக எண்ண அவரால் முடியாது.

அகஸ்டினின் தாய் மோனிக்காவும் விதவைதான். கோபக்காரப் புருஷன், வேறு பெண்களிடம் போனவன், ஆனாலும் அவள் அவனை நேசித்தாள், அவன் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் பார்த்து வைத்திருந்தாள். 387-ல் வட ஆப்பிரிக்காவில் இருக்கிற சொந்த ஊருக்குக் கப்பல் ஏறுவதற்காக ரோமாபுரித் துறைமுகமான ஓஸ்தியாவில் தங்கியிருந்தபோது காய்ச்சலில் விழுந்தாள். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் பண்ணுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், கர்த்தருடைய பீடத்தருகே என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். புருஷன்மேல் இருந்த நேசம் அதற்குள் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவனையும் தன்னையும் வைத்திருக்கிற கை எது என்று தெரிந்துவிட்டது, அதனால் மண்ணின் கவலை போய்விட்டது. அப்புறம் அகஸ்டின், அழக்கூடாது என்று அடக்கத்தில் கண்ணீரை அடக்கி வைத்திருந்தவர், பிறகு தனியாகப் படுக்கையில் கிடந்தபோது அழுது தீர்த்தார். தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைப் பாவம் என்று நினைப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் எனக்காக அழட்டும் என்றே எழுதிவைத்தார்.

நீங்களும் அழுங்கள். அவர் சட்டையைப் பீரோவில் வைத்திருந்தால் இருக்கட்டும், எப்போது எடுப்பது என்பதை வேறு யாரும் முடிவு செய்ய வேண்டாம். அந்த அம்மாவை மறுபடி ஆலயத்தில் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளலாம், விளக்கம் சொல்லவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

கேள்வி: அக்கா, என் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பேசாத பேச்சு இல்லை, என் அப்பா அம்மாவையும் சேர்த்து. இப்போது அவர்களுக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஆனால் மனசில் துளி அன்பு இல்லை. கடமைக்குச் செய்கிறேன். இது மாய்மாலம்தானே? – ஒரு வாசகி, வேலூர்

பதில்: தங்கச்சி, படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், வாயோரம் வழிகிற கஞ்சியைத் துடைப்பதும், நடுராத்திரியில் ஈரமான விரிப்பை மாற்றுவதும் மாய்மாலம் என்றால் அன்பு என்று எதைச் சொல்வது?

யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்துகிடந்தால் அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு. முதலில் அவன்மேல் பிரியத்தை வரவழைத்துக்கொள், அப்புறம் தூக்கு என்று அங்கே இல்லை. கழுதை வலியில் கிடக்கிறது, கையைக் கொடு. இரண்டு பேர் ஒரே சுமைக்குத் தோள் கொடுத்துத் தூக்கும்போது பகை என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லாமலே விட்டுவிட்டது. உங்களுக்கு அன்பு எப்போது வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், சிலருக்கு வருகிறது, சிலருக்கு மாமியார் கண்மூடும் வரையிலும் மனசில் பிரியம் வருவதில்லை. அப்படி வராமலே செய்து முடித்தவர்களையும் ஆண்டவர் தம்முடைய வலது பக்கத்தில்தான் நிறுத்துவார் என்று நம்புகிறேன், மத்தேயு 25-ல் அவர் கேட்பதெல்லாம் செய்தாயா என்பதுதான். பழைய பேச்சு ஞாபகம் வந்து கை நடுங்குகிற நேரத்தில், வலித்தது ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒருவரைக் காணோம். உங்கள் கணவர் எங்கே? அவருடைய கூடப்பிறந்தவர்கள் எங்கே? தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறார், அது முதலில் பெற்ற பிள்ளைக்குச் சொன்னது, மருமகள் தலையில் மட்டும் கட்டுவதற்காக எழுதியது அல்ல. நீங்கள் ஓய்ந்து விழுந்தால் மாமியாரையும் பார்க்க ஆள் இருக்காது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். ராத்திரி முறை இந்த வாரத்திலிருந்து அவருடையது, சனிக்கிழமை முழு நாளும் நாத்தனாருடையது. பாத்திரமும் துணியும் எங்கே இருக்கிறது, மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒருநாள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள்.